விதைவழியும் தண்டுவழியும்

உயிர்கள் தம் இனத்தைப் பெருக்கும் நெறிகள் இரண்டு. ஓருயிர் தன் உடலின் ஒரு கூற்றைப் பிரித்து, அதனையே மற்றோர் உயிராக வளரவிடுதல் ஒன்று. ஆணும் பெண்ணுமாகிய இரண்டின் கூறுகள் ஒன்றுகூட, இரண்டனையும் முற்றும் ஒவ்வாத புதியதோர் உயிர் தோன்றுதல் மற்றொன்று. முன்னதை இலிங்கமில்முறை இனப்பெருக்கம் என்றும் பின்னதை இலிங்கமுறை இனப்பெருக்கம் என்றும் உயிரியலார் வழங்குவர். இவ்விரண்டும் தமிழர் அறியாதன அல்ல. "வாழையடி வாழை" என மாறாது தழைக்கும் குலத்தை வாழ்த்துங்கால் முன்னதனை அவர் நினைந்தனர். இறைவனை அம்மையப்பனாக வணங்குங்கால் படைப்பிற்கு இரண்டு வேண்டும் என்னும் எண்ணத்தைப் போற்றினர். ஆயினும், ஒன்றே போதுமாயிருக்க இரண்டு ஏன் வேண்டும் என்ற வினா, கூர்ப்புக் கொள்கை தோன்றிய பின்னரே அறிவியலின் வினாவாயிற்று.

அவ்வினாவிற்கு விடை தேடிய அறிஞர் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்தனர். ஆனால் அவ்விடையின் உண்மையை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல்லாக இலங்கை மலைநாடு ஒன்றரை நூற்றாண்டாக இருந்து வந்துள்ளது. கோப்பி, தேயிலை, உருளைக்கிழங்கு ஆகிய மூன்று பயிர்களின் வரலாறும், காட்டில் தானே வளரும் நெலுச் செடியின் வாழ்க்கையும் ஒரே பாடத்தை வெவ்வேறு வகையில் கூறுகின்றன.

இரட்டிப்பு நட்டம்

இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவில் இறங்கி ஹோட்டன் சமவெளியை நோக்கிச் செல்வோர், காட்டோரங்களில் நெலு என்னும் புதர்ச்செடியைக் காண்பர். தமிழகத்து மலைகளிற் பூக்கும் நீலக்குறிஞ்சியும் இதுவும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. இவற்றுட் பல இனங்கள் ஆண்டுக்கணக்காகப் பூவாதிருந்து, பன்னிரண்டு ஆண்டளவிற்கு ஒருமுறை காடு முழுவதும் ஒருங்கே பூத்து, விதை சிந்தி, அதன்பின் அடியோடு மாண்டுவிடுகின்றன. அத்துணை ஆண்டுகளாகச் சேர்த்த பொருளையெல்லாம் ஒரே பருவத்தில் பூவாகவும் மகரந்தமாகவும் தேனாகவும் செலவிட்டு, தன் உயிரையும் அவற்றோடு கொடுக்கும் இச்செடி, பக்கத்தண்டு ஒன்றை வேரூன்றவிட்டால் இவ்வளவு செலவின்றியே பெருகலாமன்றோ?

இச்செலவைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஆங்கில அறிஞர் யோன் மேனாட் சிமித். அவருடைய கணக்கை எளிய முறையில் இவ்வாறு கூறலாம். ஆண் துணையின்றிப் பெருகும் பெண்ணுயிர் ஒன்று இரண்டு மகவுகளை ஈனுமாயின் இரண்டும் பெண்ணே. அவ்விரண்டும் மீண்டும் ஈனும். ஆணொடு கூடிப் பெருகும் பெண்ணுயிர் இரண்டு மகவுகளை ஈனுமாயின், ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் தானே ஈனுவதில்லை. ஆகவே பத்துத் தலைமுறை கழிந்தபின், முன்னதன் வழியில் 1,024 பெண்கள் இருப்பர். பின்னதன் வழியில் ஒரு பெண்ணே இருப்பாள். இந்த இரட்டிப்பு நட்டத்தோடு, துணை தேடும் இடரும் நல்ல சேர்க்கையைக் கலைத்துவிடும் இடரும் உள. அவ்வாறாயின், இயற்கைத் தேர்வு இலிங்கமுறையை எப்பொழுதோ அழித்திருத்தல் வேண்டும்.

ஆணின்றிப் பெருகும் உயிர்கள் உலகில் இல்லாமலில்லை. பூச்சாடி மண்ணில் மண்புழுவெனக் கிடக்கும் சிறு புழுப்பாம்பு இலங்கையிலும் இந்தியாவிலும் எங்குமுள்ளது. அதன் இனத்தில் இதுவரை அறியப்பட்டவை அனைத்தும் பெண்களே. ஆணில்லாப் பல்லியினம் ஒன்றும் இலங்கையில் வாழ்கிறது. தேயிலையின் இளங்கொழுந்தில் மொய்க்கும் செடிப்பேன்கள் வெப்பநாடுகளிற் கன்னிப்பிறப்பாலேயே பெருகுகின்றன. எனினும் இத்தகைய உயிர்கள் உயிர்மரத்தின் நுனிக்கிளைகளிற் சிதறிக் கிடக்கும் சில இலைகள் போன்றவையே. பெருங்கிளைகளாக நெடுங்காலம் நிலைத்தவை மிகச் சில. கன்னிப்பிறப்பினங்கள் விரைவிற் பரவி, விரைவில் மறைகின்றன என்பதே இதனாற் பெறப்படும். எனவே இலிங்கமுறையின் நன்மை, அதன் நட்டத்தை ஈடுசெய்யுமளவு பெரிதாயிருத்தல் வேண்டும்.

தோற்றம்

1946 ஆம் ஆண்டில் யோசுவா இலெடர்பேர்க், எட்வேட் தேற்றம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பற்றீரியாக்களும் தம்முட் பரம்பரையலகுகளைக் கைமாற்றுகின்றன என்று காட்டினர். ஆயினும் அது இனப்பெருக்கத்தோடு இணைந்ததன்று. கொடுத்தலும் வாங்கலும் மட்டுமே. நிறமூர்த்தங்கள் இணைகளாக நின்று, தம்முட் கூறுகளை மாற்றி, ஒடுக்கற்பிரிவினாற் பாதியாகி, பின் மற்றொரு பாதியொடு கூடும் முறை, கருவுடைய கலங்களைக் கொண்ட உயிர்களுக்கே உரியது. விலங்கு, தாவரம், பங்கசு, ஒருகல உயிர் என யாவற்றிலும் இம்முறைக்குரிய பரம்பரையலகுகள் பொதுவாகக் காணப்படுவதால், இவற்றின் பொது மூதாதையிடத்தே இம்முறை தோன்றிவிட்டது என்பது இன்றைய முடிபு. கனடாவின் வடபுலத்துப் பாறையிற் கண்டெடுக்கப்பட்ட பங்கியோமோபா என்னும் செவ்வல்காவின் சுவடு ஏறத்தாழ 105 கோடி ஆண்டுப் பழமையுடையது. இலிங்கமுறையால் இனம்பெருக்கிய உயிரின் மிகப் பழைய சுவடாக அதுவே கருதப்படுகிறது.

முதலில் இது எதற்காகத் தோன்றியது என்பதிற் கருத்துக்கள் பல. முறிந்த மரபிழையைச் செப்பனிடுதற்கு மற்றொரு படி துணையாயிருந்தமையே தொடக்கம் என்பது ஒரு கருத்து. நொதியமும் நீர்த்தெள்ளும் போன்ற சிற்றுயிர்கள் நல்ல காலத்திலே தனித்துப் பெருகி, உணவருகி இடர் நேருங்காலத்திலே கூடிப் பெருகும் இயல்பு ஈண்டு நோக்கத்தக்கது. இடர்க்காலத்து உதவியாகவே இந்நெறி தோன்றியிருக்கலாம் என்பதற்கு அது சான்றாகலாம்.

நன்மை பற்றிய கொள்கைகள்

சாள்சு டார்வின் பதினோராண்டு செய்த சோதனைகளின் முடிபை 1876 இல் ஒரு நூலாக வெளியிட்டார். அயன்மகரந்தச் சேர்க்கையாற் பிறந்த செடிகள் தன்மகரந்தச் சேர்க்கையாற் பிறந்தவற்றினும் பெரும்பாலும் உயரமும் வளமும் மிக்கன என்று அதிற் காட்டினார். செருமானிய அறிஞர் ஒகஸ்ற் வைசுமன் 1880களில், இயற்கைத் தேர்வு தேர்ந்தெடுத்தற்குரிய வேறுபாடுகளை வழங்குவதே இலிங்கமுறையின் பயன் என்றார். 1930களில் பிசரும் முல்லரும், வெவ்வேறு உயிர்களில் தோன்றிய நல்ல விகாரங்களை ஒரே உயிரிற் சேர்க்கும் வழி இதுவே என்று விளக்கினர்.

முல்லர் 1964 இல் மற்றொரு கருத்தையும் வெளியிட்டார். தமிழர்க்கு அதனை ஏட்டுச்சுவடியின் துணைகொண்டு விளக்குதல் எளிது. ஓர் ஏட்டைப் பார்த்து ஒருவன் மற்றோர் ஏடு எழுதுகிறான். சில பிழைகள் நேர்கின்றன. அதனைப் பார்த்து வேறொருவன் எழுதுகிறான். பழைய பிழைகளோடு புதியனவும் சேர்கின்றன. ஒரே வழியில் வந்த ஏடு எத்தனை முறை பெயர்த்தெழுதப்படினும் பிழை கூடுமேயன்றிக் குறையாது. ஆயின், வெவ்வேறு வழியில் வந்த இரண்டு ஏடுகளை ஒப்புநோக்கினால், ஒன்றிற் சிதைந்த இடம் மற்றொன்றிற் செவ்வனே இருக்கக் காணலாம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை மீட்டது இவ்வாறு பல ஏடுகளைக் கூட்டி ஒப்பிட்டதனாலன்றோ? இலிங்கமில்முறை ஒற்றை ஏட்டின் வழி. இலிங்கமுறை ஏடுகளை ஒப்பிடும் வழி. ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் அறிந்து தேர்ந்தனர்; இயற்கையில், பிழை மலிந்த சேர்க்கைகள் மாய, பிழை குறைந்தவை எஞ்சுகின்றன.

1975 இல் வில்லியம்சு என்னும் அமெரிக்கர் அதிர்ஷ்டலாபச் சீட்டை உவமையாகக் காட்டினார். ஒரே இலக்கமுடைய சீட்டுக்களைப் பலவாக வாங்குபவனைவிட, வெவ்வேறு இலக்கமுடைய சீட்டுக்களைச் சிலவாக வாங்குபவனுக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி. 1980 இல் ஹமில்ற்றன், அச்சீட்டின் இலக்கத்தை ஓயாது மாற்றுவது யாதென ஆராய்ந்து, நோய் செய்யும் ஒட்டுண்ணிகளே என்றார். ஒட்டுண்ணியின் ஆயுள் குறுகியது, தலைமுறைகள் பல. மிகுதியாக உள்ள உயிர்வகையின் பூட்டுக்கு ஏற்ற சாவியை அது விரைவிற் கண்டுகொள்ளும். பூட்டைத் தலைமுறைதோறும் மாற்றுவதே தப்பும் வழி. நியூசிலாந்து நன்னீர் நத்தைகளுட் கூடிப் பெருகுவனவும் தனித்துப் பெருகுவனவும் உள. ஒட்டுப்புழு மிக்க நீர்நிலைகளிற் கூடிப் பெருகும் வகை மிகுதியாயிருத்தலைக் கேட்டிசு லைவ்லி 1987 இல் வெளியிட்டமை இக்கொள்கைக்கு வலுவூட்டிற்று.

கோப்பியின் வீழ்ச்சி

இக்கொள்கை எழுதப்படுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மலைநாடு அதற்கு உரை எழுதிவிட்டது. 1830கள் தொடக்கம் காடழித்துப் பயிரிடப்பட்ட கோப்பி, அராபிக்கா என்னும் ஓரினமே. அது விதையாலேயே நடப்பட்டது. ஆயினும் அவ்வினம் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையாலேயே காய்ப்பது. உலகெங்கும் பரவிய அராபிக்காவும் மிகச் சில தாய்மரங்களின் வழி வந்ததே. எனவே விதை என்ற பெயர் இருந்ததேயன்றி, விதையினால் வரவேண்டிய வேறுபாடு இல்லை. மலைமேல் மலையாகப் பரந்திருந்தது ஏறத்தாழ ஒரே பூட்டு.

1869 இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படர்ந்தது. பேராதனைப் பூங்கா அதிபர் துவெயிற்சு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பேர்க்லி, அப்பங்கசுக்கு எமிலியா வசுத்தாதிரிக்சு எனப் பெயரிட்டார். பின்மொழி "அழிப்பவள்" எனப் பொருள்படும். 1880 இல் அரசினர் அழைப்பில் வந்த மார்சல் உவாட், வித்திகள் காற்றாற் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அப்பரவலுக்கு வழிகோலியதையும் தெளிவாகக் காட்டினார். காலங் கடந்துவிட்டது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. துரைமார் இழந்தது முதல். தென்னிந்தியாவிலிருந்து நெடுவழி நடந்து வந்து அக்கோப்பித் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் இழந்ததோ வேலையும் நிலுவைக் கூலியும். மலையகத் தமிழரின் முதற்பெருந் துன்பங்களுள் ஒன்று ஒரு பங்கசின் வித்தியால் வந்தது.

இந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் பின்னர் எங்கிருந்து கிடைத்தது என்பதும் அறியத்தக்கது. 1920களில் திமோர்த் தீவில் அராபிக்காவும் ரொபஸ்ராவும் தாமே கலந்து பிறந்த ஒரு மரம் காணப்பட்டது. இன்று பல நாடுகளிற் பயிரிடப்படும் துருநோய் தாங்கும் கோப்பி வகைகள் பல அக்கலப்பின் வழி வந்தனவே. பூட்டை மாற்றியது மகரந்தமே.

தேயிலையின் இருவழி

1867 இல் யேம்சு தெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, கோப்பி வீழ்ந்தபின் மலைநாட்டை ஆட்கொண்டது. தேயிலையின் இயல்பு கோப்பிக்கு நேர்மாறானது. தன் மகரந்தத்தை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. அயற்செடியின் மகரந்தமே வேண்டும். அதன் நிறமூர்த்தங்கள் 15 இணை. ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தேரும் வகைகள் ஒரு பெற்றோரிடம் 32,768. இரு பெற்றோரையும் சேர்த்தால் நூறு கோடிக்கு மேல். நிறமூர்த்தங்கள் தம்முட் கூறுகளை மாற்றுவதையும் கூட்டினால் எண்ணிக்கைக்கு எல்லையில்லை. ஆகவே பழைய விதைத்தேயிலை மலையொன்றிற் கொழுந்தெடுக்கும் பெண், இலையின் அளவிலும் நிறத்திலும் துளிர்க்கும் காலத்திலும் ஒன்றையொன்று ஒவ்வாத செடிகளைப் பக்கம் பக்கமாகக் காண்கிறாள். தோட்டக்காரனுக்கு அது குறை. கூர்ப்பின் நோக்கில் அது காப்பு.

1946 இல் கொப்புள நோய் இலங்கையை எட்டியது. இளங்கொழுந்தையே தாக்கும் இப்பங்கசுக்குப் பனியும் ஈரமும் மிக்க உயர்மலைத் தோட்டங்கள் ஏற்ற களமாயின. தேயிலையும் கோப்பியின் வழியே போகுமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வாறு நேரவில்லை. செப்பு மருந்துகள் பெரிதும் உதவின. அதே வேளை, விதைத்தேயிலையிற் செடிக்குச் செடி நோய் தாங்கும் ஆற்றல் வேறுபட்டது. கடுமையாக வாடிய செடிக்கு அருகே சிறிதே தாக்குண்ட செடியும் நின்றது. அத்தகைய வேறுபாட்டினின்றே ஆய்வாளர் நல்ல செடிகளைத் தெரிந்தெடுக்க முடிந்தது.

தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்த செடிகளைத் தண்டுவழிப் பெருக்கும் முறையைச் செவ்வைப்படுத்தியது. ஓர் இலையும் சிறு தண்டும் கொண்ட வெட்டுத்துண்டம் தவறணையில் வேரூன்றித் தாய்ச்செடியின் மாறாப் படியாக வளரும். வி.பி. தேயிலை எனத் தோட்டங்களில் வழங்குவது இதுவே. 1950களின் இறுதி தொடக்கம் அரசினரின் மீள்நடுகை உதவியோடு இது பரவியது. விளைவு பெரிதும் உயர்ந்தது. கொழுந்து ஒருசீராகத் துளிர்த்தது. எடுத்த நிறையைக்கொண்டு கூலி பெறுவோர்க்கும் அது நன்மையாயிற்று. இந்நன்மையை மறைத்தல் நேர்மையன்று. தனித்துப் பெருகும் உயிர்க்குரிய இரட்டிப்பு இலாபத்தையே மனிதன் ஈண்டுத் தன் கைப்படப் பெற்றான்.

ஆனால் இலாபத்தோடு இடரும் வந்தது. பெரும்புகழ் பெற்ற ரி.ஆர்.ஐ. 2025 என்னும் வகை நடப்பட்ட மலையில் இலட்சம் செடிகள் நிற்பினும், பரம்பரை நோக்கில் அவை ஒரே செடி. 2023 முதல் 2027 வரையுள்ள இலக்கங்களைப் பெற்ற அவ்வரிசையின் வகைகளும் அசாமிலிருந்து வந்த ஒரே தாய்ச்செடியின் வழித்தோன்றல்களே. தாய்ச்செடி ஒன்றாயினும் மகவுகள் வேறுபட்டமைக்குக் காரணம் இலிங்கமுறை. அவை வேறுபடாது பெருகியமைக்குக் காரணம் தண்டுவழி. நாளை ஒரு புதிய நோய் அப்பூட்டுக்கேற்ற சாவியோடு வருமாயின் ஒரு மலையோடு நில்லாது.

ஒட்டுண்ணிக்கும் அதே நெறி

உருளைக்கிழங்கு இப்பாடத்தின் இறுதிப் பகுதியைக் கற்பிக்கிறது. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் உழவரின் முதற்பயிர்களுள் ஒன்றான இது, விதைக்கிழங்கு என்று வழங்கும் கிழங்கினாலேயே பெருக்கப்படுவது. அது பெயரளவில் விதை, உண்மையில் தண்டு. 1845 இல் அயர்லாந்தில் பின்கருகல் நோய் பரவியபோது, வறியவர் உணவாயிருந்தது பெரும்பாலும் ஒரே கிழங்கு வகை. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அத்துணைப் பேர் நாட்டைவிட்டு நீங்கினர்.

அந்நோயை உண்டாக்கும் நுண்ணுயிரிலும் இருவகைப் பால்கள் உள. இரண்டும் சந்தித்தாலன்றிக் கூடிப் பெருக இயலாது. மெக்சிக்கோவிற்கு வெளியே நெடுங்காலம் ஒரு பாலே இருந்தது. 1980களில் மற்றப் பாலும் ஐரோப்பாவிற் காணப்பட்டது. அதன்பின் அந்நோய் அங்கு புதிய வேறுபாடுகளைப் பெறலாயிற்று. கோப்பித் துருப்பங்கசும் மறைவாக அத்தகைய கலப்பை நிகழ்த்துகிறது என்பதற்கு 2011 இல் சான்று வெளியாயிற்று. சாவி செய்பவன் தன் அச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறான். பூட்டுச் செய்பவன் மட்டும் ஒரே அச்சில் வார்த்துக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது.

முடிபு

தண்டுவழி தீது, விதைவழி நன்று என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. இயற்கையே இரண்டையும் ஆள்கிறது: நிலைத்த நல்ல சூழலிற் பரவுதற்குத் தண்டுவழி, மாறும் பகை சூழ்ந்த உலகிற் பிழைத்தற்கு விதைவழி. தேயிலை ஆய்வாளரும் இவ்விரண்டனையும் அளவறிந்து கையாள்கின்றனர். வி.பி. வகை ஒவ்வொன்றும் ஒருநாள் ஒரு பூவில் இரு செடிகளின் கூட்டத்தாற் பிறந்த ஒற்றை விதையே. வெட்டுத்துண்டம் அவ்விதையின் நன்மையைப் பெருக்கியதேயன்றிப் படைக்கவில்லை.

அவ்விதைகளைத் தந்த பழந்தேயிலையின் நிலையே இன்று எண்ணத்தக்கது. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் விதைத்தேயிலை இன்னும் கணிசமான பரப்பில் நிற்கிறது. ஆண்டு முதிர்ந்து விளைவு குன்றியதெனச் சில இடங்களிற் பிடுங்கப்படுகிறது. சில இடங்களிற் காடாக விடப்படுகிறது. வணிகக் கணக்கில் அது முதிர்ந்த மலை. ஆயின், நோய்களையும் வறட்சிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டு எஞ்சிய இலட்சக்கணக்கான தனித்தனிச் செடிகள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத ஏடுகள், அங்கே நிற்கின்றன. ஒப்பிட ஏடு இல்லாதபோது சிதைந்த பாடத்தைத் திருத்த எவராலும் இயலாது. செல்லுக்கும் நெருப்புக்கும் இரையான சுவடிகளை எண்ணித் தமிழறிஞர் வருந்தியது போல, இச்செடிகளை எண்ணி ஒருநாள் வருந்த நேரிடலாகாது. பழைய மலைகளைப் பிடுங்குமுன் அவற்றின் சிறந்த செடிகளைத் தேர்ந்து காப்பதும், வித்துமரங்கள் சிலவற்றைக் கவாத்திற்கு உட்படுத்தாது பூக்கவிடுவதும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல.

கோப்பி வீழ்ந்தபோது அதன் சுமை எவர் தோளில் இறங்கிற்று என்பதை மலைநாட்டு வரலாறு அறியும். அன்று எவரும் அறியாமையால் அது நேர்ந்தது. நூற்றைம்பது ஆண்டு அறிவு கைவந்த பின்னும் அது மீண்டும் நேருமாயின், அதற்கு அறியாமையைக் காரணங் காட்டுதல் இயலாது.